ஒரே சட்டி, வேறு வேறு தட்டு
உணவுக் கட்டுப்பாட்டில் இருக்கும் பெற்றோரும் சிறு பிள்ளைகளும் சேர்ந்து உண்ண ஒரு வழி



நம் அறக்கட்டளையின் மருத்துவ உதவிக் குழு மாதம் ஒருமுறை கூடி விண்ணப்பங்களைப் பார்க்கிறது. சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, சிறுநீரகக் கோளாறு ஆகிய மூன்றும் இல்லாத கூட்டம் ஒன்றுகூட இல்லை. மாத்திரைக்கும் ஊசிக்கும் டயாலிசிஸுக்கும் இயன்ற உதவியைச் செய்கிறோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பல வீடுகளின் கதையைக் கேட்கும்போது, நோய் முற்றுவதற்கு முன்பே அடுப்படியில் சரிசெய்திருக்கக்கூடிய விஷயங்கள் தெரிகின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டுமென்று குழுவினர் கேட்டுக்கொண்டதால் இந்தக் கட்டுரை.

இரண்டு வீடுகளில் நடந்ததை, அடையாளம் தெரியாதபடி சொல்கிறோம்.

முதல் வீட்டில் வாப்பாவுக்குச் சர்க்கரை. பல ஆண்டு சபருக்குப் பின் ஊர் திரும்பியவர். எடையில் எட்டுக் கிலோ குறைக்கும்படி மருத்துவர் சொன்னார். மனைவி அக்கறையோடு அவருக்கென்று தனிச் சமையல் தொடங்கினார்: இரண்டு சப்பாத்தி, எண்ணெய் சேர்க்காத காய், ஒரு கப் மோர். பிள்ளைகளுக்கு வழக்கம்போலச் சோறும் ஆணமும் பொரித்த மீனும். வாசனை ஒரு பக்கம், பத்தியம் ஒரு பக்கம். மூன்று வாரம் அவர் மூலையில் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டார். நான்காவது வாரம் பிள்ளைகளோடு வந்து உட்கார்ந்தார், பழைய அளவுக்கே திரும்பிவிட்டார். இரண்டு அடுப்பு எரித்துக் களைத்த மனைவியும் தடுக்கவில்லை. ஒன்றரை ஆண்டு கழித்துக் கண் சிகிச்சைக்கு உதவி கேட்டு நம்மிடம் வந்தார்கள்.

இரண்டாவது வீட்டில் நேர்மாறு. இரண்டாவது பிரசவத்துக்குப் பின் உம்மாவுக்கு எடை கூடிவிட்டது. பிள்ளை பால் மறந்த பிறகு, கைபேசியில் பார்த்த ஒரு காணொளியை நம்பி, சோறு, தேங்காய், நெய், வாழைப்பழம் எல்லாவற்றையும் வீட்டிலிருந்தே நீக்கிவிட்டார். அவருக்கு ஐந்து கிலோ குறைந்தது. அங்கன்வாடியில் அவருடைய மூன்று வயது மகனை நிறுத்துப் பார்த்தபோது நான்கு மாதமாக எடை ஏறவே இல்லை. "நான் திங்கிறதத்தானே அவனுக்கும் கொடுக்குறேன்" என்று அந்தச் சகோதரி நம் பெண்கள் குழுவிடம் அழுதார். சிக்கல் அந்தச் சொல்லில்தான் இருந்தது.

ஒரு வீடு சட்டியைப் பிரித்தது, தந்தை தோற்றார். இன்னொரு வீடு தட்டையும் ஒன்றாக்கியது, பிள்ளை மெலிந்தது. சமையல் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கலாம், பரிமாறுவது மட்டும் ஆளுக்கு ஆள் மாறவேண்டும் என்பதே நாங்கள் சொல்ல வருவது.

சின்ன வயிறு, பெரிய தேவை

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2020ஆம் ஆண்டுக் கணக்கைப் பாருங்கள். அதிக உடலுழைப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,660 கலோரி போதும். 4 முதல் 6 வயதுள்ள பிள்ளைக்குச் சுமார் 1,360 கலோரி வேண்டும். உம்மாவின் எடை 55 கிலோ, பிள்ளையின் எடை 18 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். எடையில் மூன்றில் ஒரு பங்காக இருக்கும் பிள்ளைக்கு, உம்மாவின் தேவையில் ஐந்தில் நான்கு பங்கு தேவைப்படுகிறது. வளர்கிற உடம்பு அப்படி.

ஆனால் பிள்ளையின் வயிறு சிறியது. ஒரு தட்டு நிறையக் காயும் ரசமும் கொடுத்தால் வயிறு நிரம்பிவிடும், தேவையான சத்து உள்ளே போயிருக்காது. அதனால் பிள்ளைக்குக் கொஞ்சத்தில் நிறைய சத்துள்ள உணவு வேண்டும்: முட்டை, மீன், பருப்பு, பால், தேங்காய், வேர்க்கடலை, கொஞ்சம் நெய். எடை குறைக்கும் பெரியவருக்கு வயிறு நிரம்ப வேண்டும், கலோரி குறைய வேண்டும். அவருக்குக் காய், கீரை, ரசம், மோர், வெள்ளரி.

ஆக, ஒரே சாப்பாட்டில் இருவருக்கும் தேவையானது இருக்கத்தான் செய்கிறது. பிள்ளைக்கு ஒரு பகுதி கூட, பெரியவருக்கு இன்னொரு பகுதி கூட. அவ்வளவே.

யார் எடை குறைக்க வேண்டும்?

ஊரார் கண் அளவுகோல் ஆகாது. நம் நாட்டவருக்கு இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கும் மேல் போனால் கவனம் தேவை என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். தையல்காரரின் அளவு நாடா இருந்தால் வீட்டிலேயே பார்த்துவிடலாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு ஒன்று 2023இல் வெளியானது. நாட்டில் சுமார் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அது மதிப்பிட்டது. அதன் எல்லையில் நிற்பவர்கள் அதைவிட அதிகம். எல்லையில் நிற்பவர்களில் பலர் எடையைக் கொஞ்சம் குறைத்தாலே நோயைத் தள்ளிப்போட முடியும் என்பது ஆறுதலான செய்தி.

பாலூட்டும் தாய்மார்கள் இந்தக் கணக்கில் சேரமாட்டார்கள். பிரசவத்துக்குப் பின் முதல் 6 மாதம் அவர்களுக்கு வழக்கத்தைவிட நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. கர்ப்பிணிகளும் தாமாக எடை குறைக்க முயலக்கூடாது. பிள்ளை கொஞ்சம் பூசினாற்போல் இருக்கிறதே என்று நாமாகவே அதன் சாப்பாட்டைக் குறைப்பதும் தவறு. சந்தேகம் இருந்தால் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுங்கள். வளர்கிற பிள்ளைக்குப் பெரும்பாலும் எடையைக் குறைக்கச் சொல்லமாட்டார்கள், இனிப்புப் பானத்தையும் பொட்டலத் தின்பண்டத்தையும் நிறுத்தி ஓடி விளையாட விடச் சொல்வார்கள்.

சட்டியில் மாற்ற வேண்டியவை மூன்று

சமைக்கும்போது எல்லாருக்குமாகச் செய்யக்கூடிய மாற்றங்கள் மூன்று. எண்ணெய், உப்பு, சர்க்கரை.

எண்ணெய்க் கணக்கைத் தலைக்குப் பிரித்துப் பாருங்கள். ஐந்து பேருள்ள வீட்டில் மாதம் ஐந்து லிட்டர் எண்ணெய் செலவானால் ஆளுக்கு நாளொன்றுக்கு 33 மில்லி. எண்ணெயிலிருந்து மட்டும் கிட்டத்தட்ட 270 கலோரி. மாதம் மூன்றரை லிட்டரில் ஒதுக்கினால் அது 23 மில்லியாகும். ஆணத்துக்குத் தாளிக்கும்போது பாட்டிலிலிருந்து நேராக ஊற்றாமல் கரண்டியால் அளந்து ஊற்றினாலே இந்த வித்தியாசம் வந்துவிடும். மீனைப் பொரிப்பதை வாரம் ஒருநாளாக்கி, மற்ற நாளில் ஆணமாகவோ தோசைக்கல்லில் சுட்டோ சாப்பிடலாம். எண்ணெயைக் குறைத்தால் பிள்ளைக்குக் கொழுப்பு போதாதே என்று கேட்பீர்கள். அதைத் தட்டில் கொடுத்துவிடலாம். பிள்ளையின் சோற்றில் ஒரு சிறு கரண்டி நெய் விட்டால் 45 கலோரி அதற்கு மட்டும் போய்ச் சேரும், பெரியவர் தட்டுக்கு வராது.

உப்பு ஆளுக்கு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. அது ஒரு சிறு கரண்டி. ஊறுகாய், கருவாடு, அப்பளம் எல்லாம் இந்தக் கணக்கில் அடங்கும். பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு போதும். உப்பு குறைவதை யாருக்கும் தனிப்பத்தியமாக எண்ண வேண்டாம், வீடு முழுக்கக் குறையட்டும். எலுமிச்சையும் புளியும் மிளகும் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும்.

சர்க்கரையை எங்கே குறைப்பது என்று கேட்டால் தேத்தண்ணீரில்தான். இரண்டு கரண்டிச் சர்க்கரையோடு மூன்று வேளை குடித்தால் 30 கிராம், அதாவது 120 கலோரி. வாரத்துக்கு அரைக் கரண்டியாகக் குறைத்து வந்தால் நாக்கு ஒரு மாதத்தில் பழகிவிடும். சிறு பிள்ளைகளுக்குத் தேத்தண்ணீரே வேண்டாம். சாப்பாட்டை ஒட்டிக் குடிக்கும் தேயிலை, உணவிலுள்ள இரும்புச் சத்து உடம்பில் சேருவதைத் தடுக்கும்.

இங்கே ஒரு தவறான எண்ணத்தையும் சொல்லிவிடுகிறோம். சோற்றை விட்டுச் சப்பாத்திக்கு மாறினால் எடை குறையும் என்று பலர் நம்புகிறார்கள். அரிசி, கோதுமை, கேழ்வரகு, கம்பு எல்லாமே கிலோவுக்குக் கிலோ கிட்டத்தட்ட ஒரே அளவு கலோரிதான். கேழ்வரகிலும் கம்பிலும் நார்ச்சத்து அதிகம், பசி தாங்கும். அது நல்லதுதான். அதற்காக நான்கு கேழ்வரகு ரொட்டி சாப்பிட்டுவிட்டு டயட்டில் இருக்கிறோம் என்று சொல்ல முடியாது. விலை கூடிய ஓட்ஸும் ஆலிவ் எண்ணெயும் இல்லாமல் எடை குறையாது என்பதும் பொய். நம் கடைத்தெருவில் கிடைக்கும் பாசிப்பயறும் முருங்கைக் கீரையும் மத்தி மீனும் போதும்.

தட்டின் கணக்கு

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024இல் வெளியிட்ட வழிகாட்டி, தட்டில் பாதி காய்கறி, கீரை, பழமாக இருக்கட்டும் என்கிறது. அரிசி போன்ற தானியங்களிலிருந்து வரும் கலோரி மொத்தத்தில் 45 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம் என்றும் சொல்கிறது. நம் தட்டைக் குனிந்து பார்த்தால் முக்கால் தட்டு சோறும், ஓரத்தில் ஒரு கரண்டிக் காயும் இருக்கும்.

எடை குறைக்கும் பெரியவர் தட்டில் பாதி காயும் கீரையும், கால் பங்கு சோறு, கால் பங்கு மீன், முட்டை, பருப்பு அல்லது தோல் நீக்கிய கோழி. சோற்றை ஒரு குறிப்பிட்ட கிண்ணத்தால் அளந்து வையுங்கள். வேக வைத்த சோறு ஒரு கப் ஏறக்குறைய 200 கலோரி. மூன்று கப் சாப்பிட்டுப் பழகியவர் முதல் வாரமே ஒன்றுக்கு இறங்க வேண்டாம். இரண்டு, பிறகு ஒன்றரை.

பிள்ளை தட்டில் சோறும் புரதமும் முதலில். காய் கொஞ்சமாக, ஆனால் ஒவ்வொரு வேளையும். பிடிக்கவில்லை என்று தள்ளினால் அடிக்கவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம். மறுநாள் இரண்டு துண்டு மீண்டும் வையுங்கள். பத்துத் தடவை கண்ணில் பட்ட பிறகுதான் சில பிள்ளைகள் வாயில் வைக்கும். என்ன சமைப்பது, எப்போது சாப்பிடுவது என்பதைப் பெற்றோர் முடிவு செய்யட்டும். எவ்வளவு என்பதைப் பிள்ளையின் பசிக்கு விட்டுவிடுங்கள்.

வயிற்றில் மூன்றில் ஒரு பங்கு உணவு, ஒரு பங்கு தண்ணீர், ஒரு பங்கு மூச்சுக்கு என்று மதரஸாவில் ஓதிய காலத்திலிருந்தே நமக்குத் தெரியும். பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு நாம் மறந்த பாடங்களில் அதுவும் ஒன்று.

ஒரு நாள் எப்படி இருக்கும்?

காலை இடியாப்பம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் அவித்தது எல்லாருக்கும் ஒன்றுதான். பிள்ளைக்கு இரண்டு இடியாப்பம், கெட்டித் தேங்காய்ப் பால், ஒரு அவித்த முட்டை. வாப்பாவுக்கும் இரண்டு அல்லது மூன்று. தேங்காய்ப் பாலுக்குப் பதில் முட்டை ஆணமோ கொண்டைக்கடலை ஆணமோ ஒரு கிண்ணம், கூடவே வெள்ளரியும் தக்காளியும் நறுக்கி வெங்காயம் சேர்த்து ஒரு தட்டு. இட்லி, தோசை நாளிலும் இதே முறைதான். பெரியவருக்கு இட்லி குறைந்து சாம்பாரின் காய் கூடட்டும். பிள்ளையின் தோசையில் ஒரு முட்டையை உடைத்து ஊற்றுங்கள்.

பகலுக்குச் சோறு, மத்தி மீன் ஆணம், முருங்கைக் கீரைப் பொரியல், ரசம். பெரியவர் கீரையையும் ரசத்தையும் முதலில் எடுத்துக்கொள்ளட்டும். பசியின் முதல் வேகம் அதில் அடங்கும். பிறகு ஒரு கிண்ணம் சோறு, இரண்டு மீன். பிள்ளைக்குச் சோறு, முள் எடுத்த மீன், மேலே கொஞ்சம் நெய், கீரை ஒரு கரண்டி சோற்றோடு பிசைந்து. நெத்திலி வாங்கும் நாளில் நன்றாக வெந்த முள்ளோடு உண்ணும் பழக்கம் வந்தால் சுண்ணாம்புச் சத்தும் கிடைக்கும். மிகச் சிறியவர்களுக்கு முள்ளைப் பார்த்து நீக்கித்தான் கொடுக்க வேண்டும்.

மாலை நேரம்தான் நம் ஊரில் கட்டுப்பாடு உடையும் நேரம். சமோசா, வடை, பஜ்ஜி வாங்கி வைத்துவிட்டு "வாப்பாவுக்கு மட்டும் கிடையாது" என்றால் எந்த வாப்பா தாங்குவார்? சுண்டல் செய்யுங்கள். கொண்டைக்கடலை, பாசிப்பயறு, தட்டைப்பயறு, ஒரு நாளைக்கு ஒன்று. பிள்ளையின் கிண்ணத்தில் தேங்காய்த் துருவல் தாராளமாக, கூடவே ஒரு டம்ளர் பால், ஒரு வாழைப்பழம். பெரியவர் கிண்ணத்தில் தேங்காய்க்குப் பதில் வெங்காயமும் மாங்காயும். நான்கு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு முழு வேர்க்கடலையும் முழுக் கடலையும் தொண்டையில் அடைக்கும் ஆபத்து உண்டு, நசுக்கியோ பொடித்தோ கொடுங்கள். இரண்டு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு ஆடை நீக்கிய பால் வேண்டாம். பெரியவருக்காக வாங்கும் செயற்கை இனிப்பு மாத்திரையைப் பிள்ளையின் பாலில் கலக்கவும் வேண்டாம்.

இரவு இஷாவுக்கு முன்பே பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிட்டுவிட்டால் பாதி வெற்றி. கடையை அடைத்துவிட்டுப் பத்து மணிக்கு மேல் பரோட்டாப் பொட்டலத்தோடு வருவதுதான் நம் ஆண்களின் எடைக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. கோதுமை ரொட்டியும் பருப்பும் காய்க் கூட்டும் இரவுக்குப் போதும். பிள்ளையின் ரொட்டியில் நெய் தடவுங்கள், பெரியவருக்குக் கூட்டை இரட்டிப்பாக வையுங்கள்.

வாரத் திட்டம் ஒன்றைக் காகிதத்தில் எழுதி அடுப்படியில் ஒட்டுவது நல்லது. மூன்று நாள் மீன், இரண்டு நாள் பருப்பும் கீரையும், ஒருநாள் முட்டை, ஒருநாள் கறி. ஆறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகள் இருந்தால் அவர்களைக் கொண்டே எழுதச் சொல்லுங்கள். தான் எழுதிய பட்டியலில் இருக்கும் புடலங்காயைப் பிள்ளை அவ்வளவு எளிதில் வேண்டாம் என்று சொல்லாது.

சஹனும் விருந்தும்

கல்யாணமும் கந்தூரியும் வந்தால் நம் கடற்கரை ஊர்களில் சஹன் வைப்பது வழக்கம். ஒரே தட்டைச் சுற்றி நாலு பேர். அதில் யார் எவ்வளவு சாப்பிட்டார் என்பது யாருக்கும் தெரியாது, சாப்பிட்டவருக்கே தெரியாது. அதனால் எடை குறைப்பவர் சஹனுக்கே வரக்கூடாது என்று நாங்கள் சொல்லமாட்டோம். சேர்ந்து உண்பதில் உள்ள பரக்கத்தை இழக்க வேண்டியதில்லை. தன் பக்கத்திலிருந்து எடுத்து உண்பது நாம் கற்ற ஒழுக்கம். அதைச் சரியாகப் பேணினால் அளவும் கண்ணுக்குத் தெரியும். தம் பக்கத்துச் சோறு முடிந்ததும் கையை நிறுத்திக்கொண்டு, மற்றவர் முடிக்கும்வரை கத்தரிக்காயையும் ரசத்தையும் வைத்துப் பேசிக்கொண்டிருக்கலாம். "இன்னும் கொஞ்சம்" என்று வற்புறுத்திச் சோறு தள்ளுவதை மரியாதை என்று நினைப்பவர்கள் தயவுசெய்து விட்டுவிடுங்கள். சர்க்கரை உள்ளவருக்கு அது உபசரிப்பு ஆகாது.

வெள்ளிக்கிழமை நெய்ச்சோறோ பிரியாணியோ வேண்டாம் என்றும் சொல்லவில்லை. வாரம் ஒருநாள், ஒரு கிண்ணம், தால்ச்சாவில் கறியைக் குறைத்துக் கத்தரிக்காயும் வாழைக்காயும் சுரைக்காயும் கூட்டிப் போட்டது, தயிர் வெங்காயம் ஒரு கிண்ணம். வட்டிலப்பத்தில் பிள்ளைக்கு ஒரு துண்டு. உம்மாவுக்கு ருசி பார்க்க இரண்டு கரண்டி.

பிள்ளை வைத்த மிச்சம்

இது உம்மாமார்களுக்கு. பல வீடுகளில் கேட்டிருக்கிறோம்: "நான் சாப்பிடுறதே கொஞ்சம்தான், எடை மட்டும் குறைய மாட்டேங்குது." தட்டில் வைத்தது கொஞ்சம்தான். ஆனால் பிள்ளை வைத்த அரைக் கப் சோறு, கடித்துப் போட்ட பாதி முட்டை, குடிக்காமல் விட்ட அரை டம்ளர் பால் எங்கே போனது? வீணாகக்கூடாதே என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறார்கள். இவை மூன்றும் சேர்ந்தால் 200 கலோரியைத் தொடும். நாள் தவறாமல் நடந்தால் குறைத்த சோறு அப்படியே திரும்பி வந்துவிடும்.

உணவை வீணாக்குவது நமக்குத் தடுக்கப்பட்டது. அதற்கு வழி, மிச்சத்தை உம்மாவின் வயிற்றில் கொட்டுவதாக இருக்கக்கூடாது. முதலிலேயே பிள்ளைக்குக் கொஞ்சமாக வையுங்கள். முடித்துவிட்டு மறுபடி கேட்டால் மறுபடி வையுங்கள். "தட்டைக் காலி பண்ணு" என்று திணிக்கும் வேலையும் மிச்சம், வீணாவதும் குறையும். எச்சில் படாத மீதியை அடுத்த வேளைக்கு மூடி வைக்கலாம். எச்சில் பட்டது கோழிக்கோ பூனைக்கோ போகட்டும்.

பிள்ளைகளின் காது

இதை எழுதும் எங்கள் வீட்டிலேயே நடந்தது. மருத்துவர் எடை குறைக்கச் சொன்ன பிறகு, சாப்பாட்டு நேரத்தில் எல்லாம் "இது கொழுப்பு, அது விஷம், நான் குண்டாகிட்டேன்" என்று பேசிக்கொண்டிருந்தோம். சில வாரங்களில் ஏழு வயதுப் பேத்தி தன் தட்டிலிருந்த சோற்றை ஒதுக்கி, "எனக்கும் வேணாம், நானும் குண்டாகிடுவேன்" என்றாள். அந்த ஒரு வேளையில் நாங்கள் வெட்கப்பட்டது போதும்.

பிள்ளைகள் முன்னால் யாருடைய உடம்பையும் பற்றிப் பேசாதீர்கள், உங்கள் உடம்பையும்கூட. குறிப்பாகப் பெண் பிள்ளைகளிடம் "இப்படித் தின்றால் யார் கட்டுவார்" என்று கேலி பேசும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. வளரும் வயதில் அவள் சாப்பாட்டை ஒளித்து ஒதுக்கத் தொடங்கினால் இரத்த சோகைதான் மிஞ்சும். "வாப்பாவுக்கு உடம்பு சரியாகணும், அதனால காய் நிறையச் சாப்பிடுறேன். நீ வளரணும், அதனால நீ முட்டை சாப்பிடு" என்று சொன்னால் எந்தப் பிள்ளைக்கும் புரியும்.

மறக்கக்கூடாத எச்சரிக்கைகள்

சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைக்கவோ வேளையைத் தவிர்க்கவோ கூடாது. மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்றது. சாப்பாடு குறைந்து மருந்து குறையாவிட்டால் சர்க்கரை ஒரேயடியாக இறங்கிவிடலாம். முதலில் மருத்துவரிடம் சொல்லி மருந்தைச் சரிசெய்துகொள்ளுங்கள். வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, பேச்சுத் தடுமாற்றம் கண்டால் மூன்று நான்கு சிறு கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். நினைவு இழந்தவர் வாயில் எதையும் ஊற்றாமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள். இது வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகளுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இந்தக் கட்டுரையின் தட்டுக் கணக்கு பொருந்தாது. கீரை, பழம், பருப்பு, இளநீர் ஆகியவற்றிலேயே அவர்களில் பலருக்குக் கட்டுப்பாடு உண்டு. மருத்துவர் எழுதிக்கொடுத்தபடிதான் நடக்க வேண்டும்.

ரமளானில் நோன்பு வைக்க விரும்பும் சர்க்கரை நோயாளிகள் ஒரு மாதம் முன்பே மருத்துவரைப் பாருங்கள். யாருக்கு நோன்பு ஆபத்து என்று மருத்துவர் சொல்கிறாரோ அவருக்கு மார்க்கத்திலும் சலுகை இருக்கிறது. நோன்பு வைப்பவர்களுக்கு நம் நோன்புக் கஞ்சியைவிட நல்ல உதாரணம் இல்லை. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், காய், கொஞ்சம் கறி, எல்லாம் ஒரே சட்டியில். பெரியவருக்குப் பருப்பும் காயும் கூட்டிய கஞ்சி ஒரு கோப்பை, பிள்ளைக்கு அதிலேயே தேங்காய்ப் பால் ஒரு கரண்டி. கூட வைக்கும் வடையும் சமோசாவும் சர்பத்தும்தான் முப்பது நாள் நோன்பிருந்தும் எடை கூடக் காரணம்.

எங்கே பார்த்துக்கொள்வது?

மாதம் ஒருமுறை பெரியவர் எடை, இடுப்பளவு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை அங்கன்வாடியில் நிறுத்து, வளர்ச்சி அட்டையில் குறிக்கச் சொல்லுங்கள். அந்த அட்டையில் கோடு மேல்நோக்கிப் போக வேண்டும். இரண்டு மாதம் படுத்தே இருந்தால் மூன்றாவது மாதத்துக்குக் காத்திருக்காதீர்கள். சர்க்கரை, இரத்தக் கொதிப்பு மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. அதில் இன்னும் பெயர் பதியாதவர்கள் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள். வழி தெரியாதவர்கள் நம் அலுவலகத்துக்கு வந்தால் உடன் வந்து பதிய உதவுகிறோம்.

மேலே சொன்ன இரண்டாவது வீட்டுப் பிள்ளைக்கு இப்போது எடை ஏறத் தொடங்கியிருக்கிறது. உம்மாவின் சாப்பாடு மாறவில்லை. பிள்ளையின் தட்டில் மட்டும் சோறும் முட்டையும் நெய்யும் வாழைப்பழமும் திரும்பி வந்தன. அந்தச் சகோதரியும் எடையைக் கூட்டிக்கொள்ளாமல் இருக்கிறார். முதல் வீட்டு வாப்பா இப்போது பிள்ளைகளோடுதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார், அவருடைய கிண்ணத்தை மூத்த மகள் அளந்து வைக்கிறாள். கண்ணில் போன பார்வை முழுதாகத் திரும்பவில்லை. இருப்பதைக் காத்துக்கொள்ள வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு வீடு அந்த ஒன்றரை ஆண்டை இழக்க வேண்டாம் என்பதற்காகவே இவ்வளவும் எழுதினோம். இன்று இரவுச் சாப்பாட்டிலிருந்து தொடங்குங்கள். அல்லாஹ் நம் எல்லாருக்கும் ஆரோக்கியத்தையும், பிள்ளைகளோடு ஒன்றாக உட்கார்ந்து உண்ணும் நாட்களையும் நீட்டித் தருவானாக. ஆமீன்.

செயலாளர்